ஆரம்பநிலைப் பச்சோந்தி என்று ஒரு பிராணி கிடையாது

முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் விரிவாகச் சண்டை போடலாம். பச்சோந்தியை "பிகினர்களுக்கு ஏற்றது" என்று அட்டை எழுதி விற்பவர்கள் பொய் சொல்கிறார்கள். "எங்களுக்கே தெரியாதுங்க" என்பார்களானால், தெரியாத ஒன்றை விற்க அவர்களுக்கு என்ன யோக்கியதை? அந்த அட்டையை நம்பி வாங்குபவருக்குப் பணம் போகும். பச்சோந்திக்கு உயிர் போகும்.

திடீரென்று ஏன் இந்த ஆவேசம் என்று கேட்பீர்கள். நான் படிப்பது ஃப்ளோரிடாவில். இங்கே பச்சோந்தி வளர்ப்பது சட்டப்படி சரி, கடையிலும் கிடைக்கும், ஊர்வனக் கண்காட்சிகளிலும் கிடைக்கும். இந்த செமஸ்டரில் மட்டும் இரண்டு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். "மச்சி, நாய்னா வாக்கிங் கூட்டிட்டுப் போகணும், பூனைன்னா வீட்டு ஓனர் கத்துவான். பச்சோந்தின்னா சும்மா கூண்டுல உக்காந்திருக்கும், அப்பப்ப கலர் மாத்தும். செம கெத்துல்ல?"

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், என் ரூம்மேட் அண்ணன் ஒருவர் மூன்று வருடமாக ஒரு ஆண் பச்சோந்தியை வளர்க்கிறார். அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் வாட்ச்மேன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம்: "சும்மா உக்காந்திருக்கும்" என்பது பச்சோந்திக்குத்தான் பொருந்தும். வளர்ப்பவர் சும்மா உட்காரவே முடியாது.

நிறம் மாறுவது உங்களுக்கான ஷோ இல்லை

நம்மூரில் கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று திட்டுவோம். இடத்துக்குத் தகுந்தபடி நிறம் மாற்றும் என்பது நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே ஏறிப்போன நம்பிக்கை. சிவப்புத் துணிமேல் விட்டால் சிவப்பாகும், கட்டம் போட்ட லுங்கிமேல் விட்டால் கட்டம் போட்டுக்கொள்ளும்! சத்தியமாக அப்படி இல்லை.

தென்னாப்பிரிக்காவின் குட்டைப் பச்சோந்திகளை ஆராய்ந்து 2008-ல் தேவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸும் அத்னான் முசல்லியும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பளிச்சென்ற நிறமாற்றம் வளர்ந்ததற்குக் காரணம் ஒளிந்துகொள்வது அல்ல, மற்ற பச்சோந்திகளோடு பேசுவதுதான் என்பது அதன் சாரம். அதாவது "கிட்ட வராதே", "எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது", "எனக்கு ஏற்கெனவே முட்டை இருக்கிறது, போய்யா" மாதிரியான பேச்சு. எப்படி மாறுகிறது என்பதை 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு ஒன்று விளக்கியது. தோலுக்குள் இருக்கும் செல்களில் குவானைன் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கு நெருக்கமாக இருந்தால் ஒரு நிறம், விலகினால் வேறு நிறம். பயம், கோபம், குளிர், வெயில், காதல் எல்லாம் அந்த அடுக்கை அசைக்கும்.

இதில் வளர்ப்பவருக்கு என்ன பாடம்? கையில் எடுத்ததும் அது கறுத்துப் போகிறது, பளிச்சென்று கோடு போடுகிறது, பக்கவாட்டில் தட்டையாகிறது என்றால், உங்களைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறது என்று அர்த்தம். நண்பர்கள் சுற்றி நின்று "வாவ்! கலர் மாத்துது பாரு!" என்று போனில் படம் பிடிக்கிறார்கள். அங்கே ஒரு உயிர் "என்னை விடு" என்று கத்துகிறது. அதற்குக் குரல் இல்லாததால் நமக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது.

நிம்மதியாக இருக்கும் பச்சோந்தி பார்க்க போரடிக்கும். பச்சையாக, இலையோடு இலையாக, மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கும். அந்தப் போரடிப்பை ரசிக்க முடியாதவர் பச்சோந்தி வாங்கக்கூடாது. ஒரு லாவா லேம்ப் வாங்கிக்கொள்ளட்டும்.

"ஸ்டார்ட்டர் கிட்" எனும் சவப்பெட்டி

இங்கே அதிகம் விற்பது தலையில் கொண்டை வைத்த ஏமன் நாட்டு இனம். வெய்ல்டு பச்சோந்தி என்பார்கள். ஏமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் அதன் சொந்த ஊர். அதோடு சேர்த்து ஒரு "ஸ்டார்ட்டர் கிட்" தலையில் கட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியருக்குக் கடையில் கொடுத்ததைச் சொல்கிறேன்: சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு சுருள் பல்பு, இரவுக்கு ஒரு சிவப்பு பல்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், பிளாஸ்டிக் கொடி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர்க் கிண்ணம். பச்சோந்தி மரத்தில் வாழ்வது. இலையில் வழியும் சொட்டை நக்கித்தான் குடிக்கும். கிண்ணத்தில் அசையாமல் நிற்கிற தண்ணீரைப் பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. கிண்ணம் நிறைந்திருக்க, பக்கத்திலேயே நா வறண்டு சாகும். தினமும் இலைகள் நனையத் தெளிக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழ ஏற்பாடு வேண்டும். கண் குழி விழுந்திருக்கிறதா, எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் தண்ணீர் பற்றாக்குறையின் அடையாளம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1972-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவிலிருந்து ஜாக்சன் பச்சோந்திகளை (ஆணுக்கு மூன்று கொம்பு இருக்குமே, அது) சில டஜன் இறக்குமதி செய்தார். வந்து சேர்ந்தபோது எல்லாம் வற்றி மெலிந்து கிடந்தன. தேறட்டும் என்று தன் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறிய கையோடு தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டன. இன்று அந்தத் தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் அவை தின்றுகொண்டிருக்கின்றன. கடைக்காரரிடம் அரைஉயிராக இருந்தவை செடி கொடிக்கு நடுவில் போனதும் பிழைத்துக்கொண்டன. இதைவிடத் தெளிவாக அவை வேறு எப்படிச் சொல்லும்?

பல்பு. வெளிச்சம் வேறு, புற ஊதா பி கதிர் வேறு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் தின்கிற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்துக் கால்சியம் எடுக்கும். கால் வில்லாக வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், நாக்கை நீட்டி இரை பிடிக்கும் சக்தி போகும். மெட்டபாலிக் போன் டிசீஸ் என்பது இதுதான். வளைந்த எலும்பு திரும்ப நேராகாது. தேவை, கூண்டின் அகலத்துக்கு நீளும் புற ஊதா பி குழல்விளக்கு. அதையும் வகையைப் பொறுத்து 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். கண்ணுக்கு எரிவது போலவே இருக்கும், ஆனால் கதிர் குறைந்து போயிருக்கும். "ஜன்னல் ஓரம் வச்சா வெயில் வருமே" என்பவர்களுக்கு: சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது.

சிவப்பு பல்பு. இரவில் பச்சோந்திக்கு வேண்டியது இருட்டும் குளிர்ச்சியும். பகலில் வெயில் காயும் கிளையில் 29-லிருந்து 32 டிகிரி செல்சியஸ் (பெண்ணுக்கும் குட்டிக்கும் இன்னும் கொஞ்சம் குறைவாக), கூண்டின் கீழ்ப்பகுதியில் அதைவிடக் குறைவு, இரவில் 20 டிகிரிக்கு இறங்கினாலும் வளர்ந்த வெய்ல்டு தாங்கும். ராத்திரி முழுக்க சிவப்பு வெளிச்சம் அடித்தால் நம்மால் தூங்க முடியுமா?

கண்ணாடித் தொட்டி. இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த, வறண்ட ஊர்களில் மேலும் கீழும் காற்று போகிற கண்ணாடிக் கூண்டில் நன்றாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் திட்டுவது அவர்களை அல்ல. மூன்று பக்கமும் அடைத்த சின்ன மீன்தொட்டியில் ஈரத்தையும் சூட்டையும் போட்டு மூடினால் நுரையீரலில் தொற்று வரும். அதோடு கண்ணாடியில் தன் உருவமே எதிரியாகத் தெரியும். தனியாக வாழப் பிறந்த பிராணி நாள் முழுக்க ஒரு எதிரியை முறைத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த வெய்ல்டுக்கு அகலம் 2 அடி, ஆழம் 2 அடி, உயரம் 4 அடி உள்ள வலைக் கூண்டு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பாதி ஹாஸ்டல் அறைகளில் அதை வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும்.

பிளாஸ்டிக் கொடி. வெய்ல்டு பச்சோந்தி இலையும் தின்னும். பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கினால் குடல் அடைக்கும். மணி பிளாண்டும் செம்பருத்தியும் விலை குறைவு. உயிருள்ள செடி ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஒளிந்துகொள்ள இடமும் தரும்.

ஆக, கிட்டில் இருந்த ஐந்து பொருளில் ஐந்துமே தப்பு. இதற்குப் பெயர் தொடக்கமாம்!

முட்டை விஷயத்தை யாரும் சொல்வதில்லை

அந்த ஜூனியரின் பச்சோந்தி ஒரு பெண். வாங்கும்போது ஆணா பெண்ணா என்று கடையில் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து அது சாப்பிடுவதை நிறுத்தியது. தரையில் இறங்கி மூலை மூலையாகச் சுற்றியது. கடைக்குப் போன் செய்தால் "பசி இல்லாம இருக்கும், வேற பூச்சி குடுத்துப் பாருங்க" என்றார்களாம். மருத்துவரிடம் போனபோது வயிறு முழுக்க முட்டை. காப்பாற்ற முடியவில்லை.

பெண் வெய்ல்டு, ஆணையே பார்க்காமலும் முட்டை போடும். கோழி மாதிரிதான். அரை வயதிலேயே தொடங்கிவிடலாம். ஒரு ஈட்டில் 20, 30 என்றும், கொழுக்கக் கொழுக்கத் தீனி போட்டால் 80-ஐத் தாண்டியும் போகும். தோண்டிப் புதைக்க ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டி கிடைக்காவிட்டால் பல பெண்கள் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது. ஒரு வாளி மணல்! ஒரு வாளி மணல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. கொடுமை என்னவென்றால், இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆணுக்குப் பின்னங்காலின் குதிகாலில் ஒரு சின்ன முள் மாதிரி புடைப்பு, முட்டையிலிருந்து வரும்போதே இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. குனிந்து குதிகாலைப் பார்க்கக்கூட நேரமில்லாத கடை, எதற்காக உயிரை விற்கிறது?

எதிர்வாதங்கள், வரிசையாக வாருங்கள்

"கூண்டிலேயே பிறந்ததுதானே, பழகிடும்." காட்டில் பிடித்ததைவிடக் கூண்டில் பிறந்தது எவ்வளவோ மேல். காட்டில் பிடித்ததற்கு ஒட்டுண்ணி, பயணக் களைப்பு எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் கூண்டில் பிறந்ததால் அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் புரிந்துவிடாது, புற ஊதாக் கதிர் தேவை போய்விடாது. நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்து மாறியது. வெய்ல்டு பச்சோந்தி சில பத்து ஆண்டுகள்தான் கூண்டில் இருக்கிறது.

"என் ஃப்ரெண்டு சும்மா தொட்டியில வச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கு." எத்தனை மாதமாக? பச்சோந்தி நோயை மறைப்பதில் கில்லாடி. காட்டில் சோர்ந்து தெரிந்தால் பாம்புக்கும் பறவைக்கும் இரை. அதனால் கடைசிவரை கிளையை இறுக்கிப் பிடித்து "நல்லாத்தான்" இருக்கும். பகலில் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம்.

"விலை கம்மிதானே?" குட்டியின் விலைதான் இதில் சில்லறை. கூண்டு, விளக்கு, தெளிப்பான், செடி எல்லாம் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு. மாதாமாதம் கிரிக்கெட் பூச்சி (மட்டையும் பந்தும் இல்லை, துள்ளுமே அது) வாங்க வேண்டும். பட்டினிப் பூச்சியைக் கொடுத்தால் வெறும் ஓடுதான் உள்ளே போகும். அதனால் பூச்சிக்கும் கீரை, கேரட் போட்டு வளர்த்து, அதன்மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு பிராணி வாங்கவில்லை, இரண்டு பண்ணை வைக்கிறீர்கள் :-) இதற்கு மேல் ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர். நாய் பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் பச்சோந்தி பார்ப்பதில்லை.

"படிப்பு முடிஞ்சா யாருக்காவது குடுத்துடலாம்." இதுதான் என்னை அதிகம் கடுப்பேற்றும் வாதம். நன்றாக வளர்த்தால் ஆண் வெய்ல்டு 5-லிருந்து 8 வருடம் வாழும். நாமோ மாஸ்டர்ஸுக்கு இரண்டு வருடம், வருடத்துக்கு ஒரு வீடு, டிசம்பரில் ஒரு மாதம் இந்தியா, அப்புறம் வேலை எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மாதம் தினமும் தண்ணீர் தெளிப்பது யார்? மடகாஸ்கரின் தென்மேற்கில் லபோர்டு பச்சோந்தி என்று ஒன்று உண்டு. முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம், வெளியே வந்தபின் நான்கைந்து மாதம், அவ்வளவுதான் அதன் ஆயுள் என்று 2008-ல் கண்டறிந்தார்கள். ஒரு செமஸ்டர் பாசத்துக்குப் பொருத்தமான பச்சோந்தி உலகத்தில் அது ஒன்றுதான். அதுவும் அதன் காட்டிலேயே இருக்கட்டும், பாவம்.

"யாரும் வாங்கலைன்னா வெளியே விட்டுடலாம்." தயவுசெய்து இதை நினைக்கக்கூட வேண்டாம். ஃப்ளோரிடாவின் லீ கவுண்டியில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே வெய்ல்டு பச்சோந்திகள் காடேறித் திரிகின்றன. யாரோ வளர்த்து விட்டவைதான். வெளிநாட்டுப் பிராணியை இங்கே வெளியில் விடுவது சட்டவிரோதம். ஃப்ளோரிடாவைவிடக் குளிரான மாநிலத்தில் விட்டால், முதல் உறைபனி இரவில் செத்துவிடும்.

இந்தியாவில் இருக்கும் நண்பர்களுக்கு

இதைப் படித்துவிட்டு ஊரில் யாராவது "எங்க தோட்டத்துலயே ஒண்ணு இருக்கே, பிடிச்சு வளர்க்கலாமா?" என்று கேட்கக்கூடும். கூடாது. நம் வேலியிலும் புதரிலும் இருக்கும் இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்திக்கும் கட்டுப்பாடு உண்டு. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-ல் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. நம்மூர்ப் பச்சோந்திக்கு நீங்கள் செய்யக்கூடிய பராமரிப்பு ரொம்ப எளிது. விஷம் என்று பயந்து கல்லால் அடிக்காதீர்கள் (அதற்கு விஷம் கிடையாது). ரோட்டில் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்தி வழி விடுங்கள்.

அப்படியானால் யாருமே வளர்க்கக்கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. என் ரூம்மேட் அண்ணனின் பச்சோந்தி காலையில் விளக்கு எரிந்ததும் மெதுவாக மேல்கிளைக்கு ஏறி, ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பாக்கி வெயில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். அழகுதான். அவர் செய்த காரியம் எதுவும் பெரிய வித்தை இல்லை. வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். எல்லோரும் முதலில் குட்டியை வாங்கி, அப்புறம் கூண்டைத் தேடுவார்கள். அவர் முதலில் கூண்டை வாங்கி, செடி வைத்து, விளக்கு மாட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு மாதம் காலியாக ஓட்டினார். காலை, மதியம், இரவு என்று வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் குறித்தார். ஏசி ஓடும் அறையில் ஈரம் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்று அப்போதுதான் தெரிந்ததாம். அந்த மாதத்தில் செத்தது ஒரு செம்பருத்திச் செடி மட்டும். ஊர்வன மருத்துவரின் முகவரியைத் தேடி வைத்த பிறகுதான், கூண்டில் பிறந்து மூன்று மாதம் தாண்டிய ஒரு ஆணை, குதிகாலைப் பார்த்து வாங்கினார்.

கடைகளிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். "பிகினர்" அட்டையைக் கழற்றுங்கள். குதிகாலைப் பார்த்து ஆண், பெண் எழுதி வையுங்கள். பெண்ணை விற்றால் மணல் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். தப்பான கிட்டை விற்காதீர்கள். இதனால் வியாபாரம் குறையும் என்றால், இதுவரை நடந்த வியாபாரம் வாங்குபவரின் அறியாமையை வைத்துத்தான் நடந்தது என்று அர்த்தம்.

வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு பரீட்சை. காலிக் கூண்டை 30 நாள் தவறாமல் பராமரியுங்கள். உள்ளே எதுவும் இல்லை, யாரும் வாவ் சொல்ல மாட்டார்கள், போட்டோ போட முடியாது. பத்தாவது நாளே அலுத்துப்போனால் கூண்டை விற்றுவிடலாம், எந்த உயிரும் போகாது. 30 நாளும் செய்துவிட்டால் தைரியமாக வாங்குங்கள், நானே கூட வருகிறேன்.

என்னோடு சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது உங்கள் கூண்டின் வெப்பநிலை குறித்த நோட்டையும் எடுத்து வாருங்கள்!